மேல் கிண்ணத்துக்கு ஏறிய வெள்ளிக்கிழமை

நெட்ரா டோல்மனுக்கு அந்த ஆகஸ்டில் ஐம்பத்தாறு முடிந்திருந்தது. யூட்டா மலையில் டெல்வின் ரிக்ஸ் நடத்திய வேட்டை முகாமில் அது அவளுக்கு இருபத்திரண்டாவது பருவம். வில்லும் அம்புமாக வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போய், கொம்பு முதிர்ந்த ஆண் மான் எங்கே மேய்கிறது, எங்கே படுக்கிறது என்று கண்டுபிடித்து, அம்பு எட்டுகிற தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவள் வேலை. நிறுத்திய பிறகு அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவள் முகாமுக்கு வந்தது சமையல்காரியாகத்தான். கணவன் லைல் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடியிருந்தார்கள். அவன் வயோமிங்குக்கு எரிவாயுக் கிணறு தோண்டப் போனவன் முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். நெட்ரா அதைப் பற்றிப் பேசுவதில்லை. மகள் மார்னியைத் தாயிடம் விட்டுவிட்டுக் கோடை முழுவதும் கூடாரத்தில் உருளைக்கிழங்கு உரித்தாள். இரண்டாம் வருஷம் ஒரு வழிகாட்டி வேட்டையின் நடுவில் குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான். டெல்வின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அந்த மலையில் அப்பாவின் ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவள் நெட்ரா. ஊற்று எங்கே இருக்கிறது, எது வழி, எது வழி மாதிரி தெரிகிற பள்ளம் என்று எல்லாம் காலுக்குப் பழக்கம். கை துடைத்த துணியை அவன் மடியில் போட்டுவிட்டு, "மானைக் காட்டத்தானே ஆளு வேணும்? ரெண்டு நாளைக்குச் சட்டியை நீ தேய்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சமையல் கூடாரத்துக்குத் திரும்பவில்லை, காலைக் காப்பி ஒன்றைத் தவிர. முகாமில் எல்லோரும் காப்பி குடிக்கக் கூடாது என்கிற ஒரு சபையைச் சேர்ந்த சர்ச்சுக்காரர்கள், அதைத் தொடாதவர்கள். வருகிறவர்களுக்காக அவள்தான் தினமும் காப்பி போட்டாள். ஒரு வாய்கூடக் குடித்துப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷமாக வலது முழங்கால் அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. ஏறும்போது ஒரு மாதிரி சமாளித்துவிடுவாள். இறங்கும்போது மூட்டுக்குள் யாரோ ஆணியைச் செருகித் திருகுவது போலிருக்கும். வசந்தத்தில் புரோவோ நகரத்துக்குப் போய்க் காட்டினாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பும் எலும்பும் உரசுகிறது, மூட்டையே மாற்ற வேண்டும் என்றார். பருவம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். டெல்வினிடம் சொல்லவில்லை. கால்சட்டைக்குள் பட்டை கட்டிக்கொண்டாள். காலையில் மாத்திரை விழுங்கினாள். குதிரை போகிற இடமாகப் பார்த்து வேட்டையை அமைத்துக்கொண்டாள். உச்சிக்குக் கீழே, குதிரைப் பாதை முடிந்ததற்கு மேலே, மேல் கிண்ணம் என்று அவர்கள் சொல்கிற ஒரு புல்வெளி உண்டு. மூன்று பக்கமும் பாறை, நடுவில் பள்ளம். பெரிய கொம்பன் மான்கள் கோடையை அங்கேதான் கழிக்கும். கேட்கிறவர்களிடம், இந்த வருஷம் அங்கே காற்று சரியில்லை, ஆள் வாடையை மானிடம் கொண்டுபோய்விடுகிறது என்றாள். போன வருஷமும் அதையே சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் வந்தவர் ஹாலிஸ் பிரென்னர். விஸ்கான்சின்காரர், அறுபத்தேழு வயது, கூரை போடும் தொழில் செய்து ஓய்ந்தவர். அந்தப் பகுதியில் வேட்டையாட அரசாங்கம் நடத்துகிற குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பதினோரு வருஷம் விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம் விழுந்திருந்தது. ஒல்லியான மனிதர். கைகள் மட்டும் வேறு யாரிடமோ வாங்கிப் பொருத்தியது போலப் பெரியவை.

முகாமுக்கு ஒரு விதி உண்டு. வந்து இறங்கியதும் வைக்கோல் கட்டில் காகிதத் தட்டைக் குத்திவைத்து, ஆள் ஆறு அம்பு எய்து காட்ட வேண்டும். எவ்வளவு தூரத்தில் நம்பலாம் என்று வழிகாட்டி அதை வைத்துத்தான் முடிவு செய்வாள். ஹாலிஸ் வந்தது சனிக்கிழமை சாயங்காலம். நெட்ரா முந்தின ஆளை அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஆள் வாரம் முழுதும் மலையில் அவளை இழுத்தடித்திருந்தார். ஹாலிஸ், போன வாரம்தான் வீட்டில் நூறு அம்பு எய்ததாகவும் வில் கச்சிதமாக இருப்பதாகவும் சொன்னார். வைக்கோல் கட்டு கூடாரத்திலிருந்து அறுபது அடி தள்ளி, மேட்டில் இருந்தது. அவள் அந்த மேட்டைப் பார்த்தாள். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை டெல்வின் முகாமில் வில்லைத் தொடக்கூடாது. அது அவளுக்குத் தெரியாததல்ல.

திங்கட்கிழமை விடியும்போது ஆஸ்பென் மரங்களுக்கிடையில் ஒரு நாலு கிளைக் கொம்பன் அவர்களை நோக்கி மேய்ந்துகொண்டே வந்தது. இருபத்தெட்டு கெஜம் வரை வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஹாலிஸ் வில்லைப் பிடித்தபடியே இருந்தார். நாணை இழுக்கவில்லை. மான் போய்விட்டது. குறுக்கே ஒரு கிளை இருந்தது என்றார். நெட்ரா பார்த்தவரை கிளை எதுவும் இல்லை. ஆனால் அவர் கண்ணுக்கு வேறு கோணம் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் குட்டைக்கு அருகே மறைப்பில் உட்கார்ந்தார்கள். மதியம் வரை வெயில் காய்ச்சியது. பிறகு அதைவிடப் பெரிய ஒன்று வந்து இருபத்திரண்டு கெஜத்தில் நான்கு நிமிஷம் தண்ணீர் குடித்தது. கழுதைக் காது போன்ற பெரிய காதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனது. அது திரும்பும் என்று காத்திருந்தேன் என்றார் ஹாலிஸ். இனி எங்கே திரும்ப வேண்டும், அதுதான் முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றதே என்று அவள் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவருடைய தட்டில் அவள் சிறிய இறைச்சித் துண்டாகப் பார்த்து வைத்ததை அவளே பிறகு நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் வேண்டுமென்றே அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். காலை ஏழரைக்கு முந்தின நாள் மானே வந்தது. ஹாலிஸ் வில்லை உயர்த்தினார். நாண் நான்கு விரற்கடை பின்னால் வந்தது. அங்கேயே நின்றது. அவருடைய வலது தோள் சட்டைக்குள் கிடுகிடுவென்று ஆடுவதை நெட்ரா பார்த்தாள். பின்கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு நாண் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போனது. அவர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு மானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. சேணத்தை இடது கையால் தூக்கினார். ரொட்டியை இடது கையால் சாப்பிட்டார். குதிரையேறும்போது வலது கையைச் சேணத்தின் மேல் வைப்பாரே தவிர அதைப் பிடித்து இழுக்க மாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் மலையில் குளம்படி பார்த்துப் பிழைத்தவள், மூன்று நாளாகப் பக்கத்திலிருந்த மனிதரைப் பார்க்கவில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கூடவே வைக்கோல் கட்டும் ஞாபகத்துக்கு வந்ததால் அந்தக் கோபத்தை முழுதாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

குதிரை கட்டியிருந்த இடத்துக்கு வந்து, ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"தோள் எப்போலேருந்து இப்படி இருக்கு, ஹாலிஸ்?"

அவர் ரொட்டியைப் பிரித்துக்கொண்டே இருந்தார். "மார்ச்லேருந்து. ஏணியிலேருந்து விழுந்தேன். நாப்பது வருஷம் ஊரான் கூரை மேலெல்லாம் ஓடினவன், என் சொந்த மாட்டுக் கொட்டகையிலேருந்து விழுந்தேன். தசைநார் ரெண்டு அறுந்துபோச்சு. தைச்சுவிட்டாங்க, ஒட்டல."

"நூறு அம்பு எய்தேன்னீங்க."

"ஒண்ணு. அதுவும் ஜூலையில. அப்புறம் ரெண்டு நாள் தலைவாரக் கை தூக்க முடியல."

குலுக்கலில் பெயர் விழுந்த கடிதம் ஏணியிலிருந்து விழுந்து ஏழு வாரம் கழித்து வந்ததாம். அனுமதியைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த முறை பெயர் வரும்போது எழுபதைத் தாண்டியிருக்கும் என்றார். ஊரில் தேவாலயத்திலும் தீவனக் கடையிலும் சிகை திருத்துகிறவனிடமும் பதினோரு வருஷமாக இந்த மலையைப் பற்றியே பேசியிருக்கிறார். வில்லை இழுக்க முடியாதது மனைவிக்குக்கூடத் தெரியாது. மலைக்கு வந்து, மானைக் கண்ணால் பார்த்தால் கைக்கு எப்படியாவது பலம் வந்துவிடும் என்று நினைத்தாராம். சொல்லும்போதே அவருக்கு அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

முதல் நாளே சொல்லியிருந்தால் தன் முட்டி மூன்று நாள் தப்பித்திருக்கும் என்று நெட்ரா நினைத்தாள். நினைப்பு வாயில் கொஞ்சம் சிந்திவிட்டது. மூன்று நாளாகக் காலை மூன்றரைக்கு எழுந்து குதிரைக்குச் சேணம் போட்டது எதற்கு, இங்கே உட்கார்ந்து மான் தண்ணீர் குடிப்பதை வேடிக்கை பார்க்கவா என்று கேட்டாள்.

ஹாலிஸ் அதை மறுக்கவில்லை. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார்:

"மேல் கிண்ணத்துக்கு ஏன் என்னைக் கூட்டிட்டுப் போகல, நெட்ரா?"

"காற்று சரியில்ல."

"காற்று மூணு நாளும் மாறாம தெற்கேருந்துதான் அடிச்சுது. புகை போன திசையப் பார்த்தேன். கூரைக்காரன் ஆளோட காலைத்தான் முதல்ல பார்ப்பான். எவன் காலு நடுங்குதோ அவனை மேல அனுப்ப மாட்டோம். நீங்க குதிரையிலேருந்து எறங்கினதும் பத்து எண்ற வரைக்கும் அங்கேயே நிக்கறீங்க. சேண வாரைச் சரிபண்ற மாதிரி."

நெட்ரா தன் குதிரையைப் பார்த்தாள். அது நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

"வலதா?" என்று கேட்டார்.

"வலது. இடதும் அதோட சேர்ந்து கெட்டுப்போயிட்டிருக்கு."

"நல்ல ஜோடிதான் கிடைச்சோம் டெல்வினுக்கு," என்றார் ஹாலிஸ். இரண்டு பேரும் சிரிக்கும் நிலையில் இல்லை. இருந்தாலும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவர், உங்கள் காப்பியைவிட மோசமான காப்பியை இராணுவத்தில்கூடக் குடித்ததில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.

வியாழக்கிழமை மலைக்குப் போகவில்லை. டெல்வினிடம், ஆளுக்கு ஓய்வு வேண்டுமாம் என்றாள். பொய்யென்று சொல்ல முடியாது. வைக்கோல் கட்டுக்கு அருகே இருவரும் உட்கார்ந்து, ஆலன் சாவியால் திருகுகளைத் திருப்பி வில்லின் தண்டுகளைத் தளர்த்தினார்கள். நாணை இழுக்க அறுபது பவுண்டு பலம் கேட்கிற வில் அவருடையது. திருகைச் சமமாகக் கழற்றிக் கழற்றி, அது போகும் வரை இறக்கி, நாற்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். சட்டம் கேட்கிற அளவுக்கு அது போதும். ஹாலிஸ் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நாண் முழுதும் வந்தது. பதினைந்து கெஜத்தில் மூன்று அம்பு, மூன்றும் தட்டுக்குள். நான்காவதைத் தொட வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தாள். மிச்சம் இருப்பது நாளைக்கு.

"இருபது கெஜத்துக்கு மேல கிடையாது," என்றாள். "மான் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கிடையாது."

"நீங்க ஏறிடுவீங்களா?"

"ஏறிடுவேன். எறங்கறதப் பத்தி அங்க போய் யோசிக்கலாம்."

கீழே குட்டைக்கே மறுபடி போயிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் ஆள் வாடை பட்ட இடத்துக்குப் பெரிய மான் திரும்பாது. இருபது கெஜத்துக்குள் நெருங்க வேண்டுமானால், பாறை நிழலில் படுத்திருக்கும் மானை மேலிருந்து நெருங்குவதுதான் வழி. அதற்கு இடம் மேல் கிண்ணம். அவள் கணக்குப்போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தாள். கூடவே, இன்னொரு ஆளிடமும் காற்று சரியில்லை என்று சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குதிரைப் பாதை முடிகிற இடத்தில் இறங்கியபோது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. அங்கிருந்து மேல் கிண்ணத்துக்கு லமாண்ட் ஐம்பது நிமிஷத்தில் ஏறுவான். முகாமின் இன்னொரு வழிகாட்டி அவன். நெட்ராவும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஏறினாள். அன்று இரண்டரை மணி நேரம் ஆனது. இருபது அடி வைப்பார்கள், நிற்பார்கள். ஒருவர் நிற்பதற்கு இன்னொருவர் காரணம் கேட்கவில்லை. சரளை காலுக்கடியில் வழுக்கிய இடத்தில் அவள் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டாள். அவர் இடது கையை நீட்டினார். பெரிய கை. அவள் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் விளிம்பிலிருந்து பைனாகுலர் வழியே பார்த்தபோது, எதிர்ப்பக்கத்துப் பாறைக்குக் கீழே, குட்டை ஃபர் மரத்தை ஒட்டி, ஒரு கொம்பு நுனி அசைந்தது. ஈக்களை விரட்டியிருக்கும். படுத்திருந்தது. தனி மான், வயதானது, முகமெல்லாம் நரைத்திருந்தது. வெயில் ஏறிய பிறகு காற்று கீழிருந்து மேலே அடிக்கும். அதனால் சுற்றிப்போய் மேலிருந்து இறங்கினார்கள். கடைசி எழுபது கெஜத்துக்கு முன்னால் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நகர்ந்தார்கள். ஒவ்வொரு கல்லையும் பாதத்தால் தடவிப் பார்த்து, பிறகு எடையைக் கொடுக்க வேண்டும். நெட்ராவுக்கு அந்த எடையைக் கொடுப்பதுதான் பிரச்சினை. ஒரு இடத்தில் முட்டி மடங்கிக்கொண்டது. சத்தம் வராமலிருக்கத் தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்படியே பாறையில் சாய்ந்து, அவரைப் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

அவர் தனியாக இன்னும் கொஞ்சம் இறங்கினார். பதினெட்டு கெஜம். முக்கால் மணி நேரம் முழந்தாளிட்டுக் காத்திருந்தார். நிழல் நகர்ந்து வெயில் முதுகில் பட்டதும் மான் எழுந்தது. எழுந்து, உடம்பை முறித்து, நின்றது. ஹாலிஸ் இழுத்தார். மேலிருந்து பார்த்த நெட்ராவுக்கு அவர் தோள் நடுங்குவது தெரிந்தது, ஆனால் நாண் முழுதும் வந்துவிட்டது. அவர் விட்ட அந்தக் கணத்தில் மான் ஒரு எட்டு எடுத்துவைத்தது.

அம்பு குறிக்கு ஒரு சாண் பின்னால் பட்டது. மான் முதுகைக் குறுக்கிக்கொண்டு, ஓடாமல், கனமாக நடந்து, மரக்கூட்டத்துக்குள் போயிற்று.

ஹாலிஸ் வில்லைக் கீழே வைத்துவிட்டு வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்து அவரிடம் போனாள். மானைத் துளைத்து வெளியே வந்த அம்பு மரத்துக்கருகே கிடந்தது. அதில் இருந்த இரத்தம் கருஞ்சிவப்பு. ஈரலில் பட்டிருக்கிறது, செத்துப்போகும், ஆனால் நேரமாகும் என்றாள். இப்போது துரத்தினால் அது எழுந்து இரண்டு மைல் போய்விடும். நாலு மணி நேரம் உட்கார வேண்டும்.

அந்த நாலு மணி நேரத்தைப் போல நீளமான ஒன்றை இருவரும் அறிந்ததில்லை. மான் எங்கோ முன்னூறு கெஜத்துக்குள் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவர் ஒருமுறை, நான் வந்திருக்கவே கூடாது என்றார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே தட்டைக் குத்திவைத்து எய்யச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும், அது தன் வேலை, தான் செய்யவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். பாறை நிழல் அவர்களைவிட்டு நகர, நகர, அவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது அவர் தன் மேல்சட்டையைச் சுருட்டி அவள் முட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

இரண்டரைக்குக் கிளம்பினார்கள். இரத்தச் சுவடு முதலில் நன்றாகத் தெரிந்தது, பிறகு ஒரு இலையில் ஒரு சொட்டு, பிறகு அதுவும் இல்லை. நெட்ரா நடப்பதை விட்டுவிட்டுத் தவழ்ந்தாள். தவழ்வது முட்டிக்கு நடப்பதைவிடக் கொடுமை, ஆனால் தரைக்கு அருகில் கண் இருந்தால்தான் புரண்ட கல் தெரியும். கடைசிச் சொட்டு இருந்த இடத்தில் ஹாலிஸ் தொப்பியை வைத்துக் காவல் நிற்க, அவள் அங்கிருந்து வளைந்து வளைந்து தேடினாள். மூன்றேகாலுக்கு விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் கண்டாள். படுத்தபடியே இறந்திருந்தது. தலை மட்டும் சரிந்திருந்தது. ஹாலிஸ் வந்து, கொம்பைத் தொடாமல், முழந்தாளிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தார். படம் எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். பிறகு, வீட்டில் கேட்பார்களே என்று ஒன்று எடுக்கச் சொன்னார்.

அவள் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோலை உரித்து, கால்களைப் பிரித்து, முதுகுத் தசையை அறுத்தெடுத்து, துணிப் பைகளில் போட்டு நிழலில் கிளையில் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம்தான் ஆனது. தூக்கி மாட்டியது ஹாலிஸின் இடது கை. எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது நாலு பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் முதுகில் கட்டி, சரளைச் சரிவில் இறக்கி, குதிரை வரை கொண்டுபோக வேண்டும். இறைச்சியை மலையில் விட்டுவிட்டு வருவது சட்டப்படியும் குற்றம், அவர்கள் வழக்கப்படியும் அசிங்கம். வெயில் காலம், ராத்திரி தாங்காது.

நெட்ரா ரேடியோவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள். அதில் பேசினால் டெல்வினுக்கு மட்டும் கேட்காது. எதிர்முகட்டில் ஆளோடு உட்கார்ந்திருக்கும் லமாண்டுக்குக் கேட்கும், சமையல் கூடாரத்துக்குக் கேட்கும். பொத்தானை அழுத்தி, மேல் கிண்ணத்தில் மான் விழுந்திருக்கிறது, பிரித்து மாட்டியாயிற்று, சுமக்க ஆள் வேண்டும் என்றாள். டெல்வின் மகிழ்ந்து போனான். ஆளுக்கு ஒரு பையாக இறக்கிக்கொண்டு வாருங்கள், மிச்சத்துக்கு லமாண்டை அனுப்புகிறேன் என்றான்.

"என்னால முடியாது, டெல்வின்," என்றாள். "வெறுங்கையோட எறங்கறதே சந்தேகம். முட்டி போயிடுச்சு."

"விழுந்துட்டியா?"

"இல்ல. ரெண்டு வருஷமாவே போயிட்டிருக்கு."

வர்றோம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் அணைத்தான்.

ஆறு மணிக்கு டெல்வினும் லமாண்டும் ஏறி வந்தார்கள். லமாண்ட் ஹாலிஸின் கையைக் குலுக்கிக் கொம்பைப் பாராட்டிவிட்டுப் பைகளைக் கட்ட ஆரம்பித்தான். டெல்வினுக்கு அறுபத்து மூன்று வயது. மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நெட்ராவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவன் அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை. அன்றும் அதட்டவில்லை.

"அவருக்கு இங்க நெஞ்சு வலி வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் நெட்ரா. ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உனக்கு?"

"சொன்னா சட்டிக்கு அனுப்பிடுவ."

"அனுப்பியிருப்பேன்தான்," என்றான் டெல்வின். கூரைக்காரர் அப்போது குறுக்கிட்டு, தோள் விஷயத்தைத் தானும் மறைத்ததாகவும் தவறில் பாதி தன்னுடையது என்றும் சொன்னார். டெல்வின் அவரை ஒருமுறையும் நெட்ராவை ஒருமுறையும் பார்த்துவிட்டு, பெரிய பையை எடுத்து முதுகில் ஏற்றிக்கொண்டான்.

சரளைச் சரிவை நெட்ரா உட்கார்ந்தே இறங்கினாள், சின்னப் பிள்ளை மாடிப்படி இறங்குவது போல. கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்துபோயிற்று. வெட்கப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. குதிரைக்கு வந்ததும் டெல்வினும் லமாண்டும் இரண்டு பக்கமும் பிடித்து மேலே ஏற்றினார்கள்.

மறுநாள் ஹாலிஸ் ஊருக்குக் கிளம்பினார். இறைச்சியைப் பனிப்பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றிய பிறகு அவளிடம் வந்து இடது கையை நீட்டினார். டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அவள் சொன்னாள். நீங்களும் என்றார்.

பருவத்தில் இன்னும் இரண்டு ஆட்கள் பாக்கி இருந்தார்கள். டெல்வின் அவர்களை லமாண்டுக்கு மாற்றிவிட்டான். நெட்ரா முகாமில் இருந்து குதிரைக்குத் தீனி வைத்தாள், சேண வாரைத் தைத்தாள், அவர்கள் எந்த ஊற்றில் உட்காரலாம் என்று காலையில் சொல்லி அனுப்பினாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் அது கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் ஆறு மணி வரை தூங்கினாள். எழுந்தபோது குற்றம் செய்த மாதிரி ஒரு பதைப்பு வந்து, காலை நீட்டியதும் அடங்கிவிட்டது.

அக்டோபரில் புரோவோவில் முழங்கால் மூட்டை மாற்றினார்கள். மார்னி பத்து நாள் வந்து கூட இருந்தாள். இனி அந்த மலைப்பக்கம் போகக் கூடாது என்று தினமும் ஒருமுறை சொன்னாள். நெட்ரா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பெர்மிட் வேலைகளையும் குதிரைகளையும் பார்த்துக்கொள்ள முடியுமா, மலையேற வேண்டாம் என்று டெல்வின் தொலைபேசியில் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

நவம்பர் மாதக் கடைசியில் ஹாலிஸ் ஒருமுறை கூப்பிட்டார். அவர் தோளில் மறுபடி அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். எந்தப் பக்கமாகப் படுத்தால் வலி குறைகிறது, எந்த மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது, உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் எப்படி இரக்கமே இல்லாமல் கையை முறுக்குகிறாள் என்று எல்லாம் பேச்சு வந்தது. மானைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது. வைத்துவிடட்டுமா, களைப்பாக இருக்கிறது என்றார் அவர். எனக்கும்தான் என்றாள் நெட்ரா.